செங்கேணி கேட்ட பாய்

கிட்ட வாங்க கண்ணுகளா. காற்றாடிக்கு நேரே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் விடுங்கள். இன்றைக்கு ஒரு பாயின் கதை சொல்கிறேன். படுக்கிற பாய் இல்லை, காற்றைக் குடிக்கிற பாய். இந்தக் கதையில் பெரிய சத்தம் ஏதும் இருக்காது. கேட்கும்போது அழுகை வந்தால் அழலாம். வராவிட்டால் நமக்கு மனசு இல்லையோ என்று கவலைப்பட வேண்டாம். அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கே அப்போது வரவில்லை.

சென்னைக்கு வடக்கே, கழிமுகம் கடலைத் தொடுகிற இடத்தில் உப்பளமேடு என்று ஓர் இடம். வாரியம் கட்டிக் கொடுத்த நான்கு மாடிக் கட்டடங்கள் பன்னிரண்டு. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, கை நீட்டினால் முடிந்துபோகும் ஒரு பால்கனி, அதுதான் ஒரு வீடு. மேற்கே பார்த்தால் ஐந்து புகைபோக்கிகள். காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணியை மாலையில் எடுத்தால் மஞ்சள் புள்ளி விழுந்திருக்கும். கொடியில் காய்ந்த துணிக்கே அப்படியென்றால், உள்ளே இழுத்த மூச்சுக்கு என்ன ஆகியிருக்கும்?

நான்காம் பிளாக், இரண்டாவது மாடியில் குணசுந்தரி இருந்தாள். புருஷன் தயாளன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே தூங்குவான். ஒரே பெண், இலக்கியா. ஆறு வயதில் அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய், ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம்போலப் பள்ளம் விழும். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் 'காற்று வைத்து' வருவார்கள். முகத்தில் முகமூடியைக் கட்டி மருந்துப் புகையை இழுக்கச் சொல்வதற்கு அங்கே அதுதான் பேர். மற்ற பிள்ளைகள் பொம்மைக்குச் சோறு ஊட்டுவார்கள். இலக்கியா பொம்மைக்குக் காற்று வைப்பாள்.

அப்போதுதான் பாய் வந்தது.

காற்றைச் சுத்தம் செய்கிற திட்டம் என்று சொல்லி, ஒரு கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு ஒரு பாயைக் கொண்டுவந்து பால்கனியில் திரைபோலத் தொங்கவிட்டார்கள். கோரையும் வாழை நாரும் கலந்து நெய்தது, விரல் பருமன் இருக்கும். சனங்கள் அதற்கு மூச்சுப்பாய் என்று பேர் வைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பாய் மாற்றுகிற வேலைக்குக் குணசுந்தரியை எடுத்தார்கள். மூன்று, நான்கு பிளாக்குகளும் சேர்த்து அறுபத்து நான்கு வீடு அவள் பொறுப்பு. வேலை சொல்லிக் கொடுத்தவர் திருமாறன் என்கிற என்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை வராது.

"கோரைக்குள்ள பஞ்சாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்குமுங்க. அதை ஒரு கரைசல்ல ஊற வெச்சிருக்கோம். காத்து உள்ள நுழையறப்ப, அதுல இருக்கற கெட்ட வாயு மட்டும் நார்ல ஒட்டிக்கும். நல்ல காத்து இந்தப் பக்கம் வந்துருமுங்க" என்றார்.

"ஒட்டிக்கினது என்னா ஆவும் சார்?"

"பாய்லயே இருக்கும். வைக்கோல் கலர்ல இருக்கற பாய் கொஞ்சம் கொஞ்சமா டிகாஷன் கலர் ஆயிருமுங்க. அப்படி ஆனா வயிறு நெறஞ்சுதுன்னு அர்த்தம். நீங்க கழட்டிட்டு வாங்க. இங்க மூடுன தொட்டியில ஆவி விட்டு, உள்ள இருக்கறதைக் குழாய் வழியா எடுத்துருவோம். மறுபடி பாய் புதுசு."

ஒரு மாதத்தில் இலக்கியாவின் கழுத்துக் குழி மூடிக்கொண்டது. இரண்டாம் மாதம் அவள் மாடிப்படியில் ஓடி ஏறினாள். குணசுந்தரி கீழே நின்று, ஏறுகிற மகளின் கால் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்து நான்கு படி. நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

பாய் வந்த பிறகு ஊரில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசம் போய்விட்டது. பாய்க்கு நல்ல வாசம், கெட்ட வாசம் என்ற பேதம் தெரியாது. காற்றில் கலந்து எது வந்தாலும் குடித்துவிடும். கருவாடு வறுத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பால் அடிப்பிடித்துக் கறுத்த பிறகுதான் தெரியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் புகை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

குணசுந்தரிக்கு எதிர் வீடு செங்கேணி வீடு. செங்கேணி சந்தையில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் ஏகாம்பரம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தோள் வலிக்கு ஓமத்தைலம் தேய்த்துக்கொண்டு, அதன்மேல் ஒரு பீடியும் பற்றவைத்துக்கொண்டு படியிறங்குவார். பிள்ளை இல்லாத வீடு. அதனால் இலக்கியா பாதி நேரம் அங்கேதான் கிடப்பாள்.

"இன்னா கொழுந்தியா" என்பார் ஏகாம்பரம், குணசுந்தரி பாய் மாற்ற வரும்போதெல்லாம். "மீன்காரியக் கட்டி இருவத்திரண்டு வருசம் ஆவுது. உன் பாயி வந்தப்பறம்தான் பொண்டாட்டி பக்கத்துல படுக்க முடியுது."

"த்தோடா, இவரு அத்தர் கடையில பொறந்தவரு" என்பாள் செங்கேணி உள்ளேயிருந்து. "இவரு பீடி நாத்தம் ஒழிஞ்சிச்சின்னு நான் அம்மனுக்குத் தேங்கா ஒடைச்சது தெரியுமா? குணா, அந்தப் பாய நல்லா அவரு தலைமாட்டாண்ட இழுத்து மாட்டு."

இப்படி மூன்று வருஷம் போனது.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில், ஆவித் தொட்டியின் குழாய் பொத்துவிட்டது. பாய்களிலிருந்து எடுத்த வாயுவே உள்ளிருந்து குழாயைத் தின்றிருந்தது. புதுக் குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பொங்கல் கழித்துத்தான் வரும் என்றார்கள். புதுப் பாய் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. நிறைந்த பாய்களை வைக்க, தொட்டி இருக்கிற கம்பெனி டிப்போவில் இடம் போதவில்லை. கூரைவரை அடுக்கினார்கள். பிறகு, நிறைந்த பாயை அவரவர் வீட்டிலேயே சுருட்டிவைக்கச் சொல்லும்படி குணசுந்தரிக்கு உத்தரவு வந்தது. திருமாறன் ஒரு தாளையும் கொடுத்தார். வெயிலில் போடாதீர், தண்ணீரில் நனைக்காதீர், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர். அவ்வளவுதான் அதில் இருந்தது.

"ஏன் சார்? வெச்சா என்னா ஆவும்?" என்று கேட்டாள் குணசுந்தரி.

திருமாறன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஒரு மாசம் அந்த வீட்டுக்குள்ள போகாம நிறுத்துன விஷம் பூராவும் அந்தப் பாய்ல இருக்குதுங்க. சூடு பட்டா ஒரேயடியா வெளிய வந்துரும்."

"அப்ப அதைச் சொல்லிடணும்ல சார் சனங்ககிட்ட?"

"சொல்லலாமுங்க." அவர் மேசைமேல் கிடந்த நார்த்துண்டு ஒன்றை விரலில் சுற்றினார். "சொன்னா என்ன பண்ணுவாங்க? வீட்ல விஷம் வெச்சுக்கிட்டுப் படுக்க முடியாதும்பாங்க. சுருட்டி வெச்சதோட சேத்து, மாட்டியிருக்கறதையும் கழட்டி வீசுவாங்க. டிவியில வரும். திட்டத்தை மூடிட்டுப் போயிருவாங்க. ரெண்டு மாசந்தானுங்க. குழாய் வந்துட்டா எல்லாத்தையும் எடுத்துரலாம். அதுவரைக்கும்..." நாரை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா இப்ப நல்லா ஓடுதுங்களா?" என்றார்.

அவர் மிரட்டுவதற்காகக் கேட்கவில்லை கண்ணுகளா. நிஜமாகவே பிள்ளையைத்தான் விசாரித்தார். ஆனாலும் குணசுந்தரிக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. அறுபத்து நான்கு வீட்டுக்கும் போனாள். தாளில் இருந்த மூன்றையும் சொன்னாள். நான்காவதைச் சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. வீட்டுக்கு இரண்டு பாய் சுருட்டிக் கிடந்தது. கூடத்தில் ஆள் படுக்கிற இடத்தை அது அடைத்தது. சனங்கள் வெளியே எடுத்து நடையில் சாத்திவைத்தார்கள். நடையில் எலி வந்தது, கொசு வந்தது. "உங்க கம்பெனி குப்பைக்கு எங்க வூடு கோடவுனா?" என்று குணசுந்தரியைக் கேட்காதவர் இல்லை. அவள் சிரித்து மழுப்பிவிட்டுப் போவாள்.

தை பிறப்பதற்கு முந்தின நாள் போகி. வடசென்னையில் போகி எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் பழசு என்று எது இருந்தாலும், கிழிந்த பாய், உதிர்ந்த துடைப்பம், பிய்ந்த முறம், எல்லாம் விடிகாலைத் தீக்குப் போகும். பாய் இல்லாத போகி உண்டா? பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற சின்ன மேளத்தால் நான்கு நாளைக்கு முன்பிருந்தே தெருவெல்லாம் காது கிழியும்.

போகிக்கு முந்தின சாயங்காலம் குணசுந்தரி வேலை முடிந்து வந்தபோது, மூன்றாம் பிளாக்குக்கும் நான்காம் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சந்து நிறையப் பாய். இரண்டு பிளாக்கின் நடையிலும் கிடந்ததெல்லாம் கீழே வந்திருந்தது. ஆளுயரத்துக்கு மேல் குவியல். தெருப் போகியை வருஷா வருஷம் அவர்தான் கொளுத்துவார்.

"இன்னா மாமா இது?"

"போகி கொழுந்தியா. தெரியாத மாதிரி கேக்கிற."

"இதைக் கொளுத்தக் கூடாது மாமா."

"ஏன்?"

சந்தின் அந்தக் கோடியில் இலக்கியா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கூட இருந்த பிள்ளைகள் எண்ணினார்கள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. குணசுந்தரியின் வாய் திறந்துதான் இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். இப்போது சொன்னால் இன்று இரவே அறுபத்து நான்கு பால்கனியும் வெறிச்சென்று ஆகிவிடும்.

"கம்பெனி பாய் மாமா. எரிச்சா ஃபைன் போடுவாங்க" என்றாள்.

ஏகாம்பரம் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "ஃபைனா! இங்க பார்ரா. ரெண்டு மாசமா எங்க வூட்டு நடையில குப்பை கொட்டுனதுக்கு நாங்க போடுறோம் ஃபைனு. போய் உன் சார வந்து தூக்கினு போவச் சொல்லு."

"மாமா, சொன்னாக் கேளு."

"சரி சரி, எடுத்து ஓரமா வெச்சிடறேன். மூஞ்சத் தூக்காத. போய்ப் புள்ளைக்குச் சோறு போடு."

அவர் எடுத்து வைக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எடுத்து வைப்பார் என்று நம்பிக்கொண்டு படியேறினாள். திருமாறனுக்கு இரண்டு முறை போன் போட்டாள். ஊருக்குப் போகிற ரயிலில் இருந்தார், கிடைக்கவில்லை. வீட்டில் புதுப் பாய் நான்கு இருந்தது, மறுநாள் வேறு வீடுகளில் மாற்றவேண்டியவை. எல்லாவற்றையும் எடுத்துப் பால்கனியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினாள். வாசல் கதவின் அடியில் பழம்புடவையைத் திணித்தாள். தயாளன் அன்றைக்கும் வண்டியில்தான். இலக்கியாவைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

விடிகாலையில் மேளச் சத்தம் எழுந்தது. பனி இறங்கியிருந்தது. அந்த மாதத்தில் புகை மேலே போகாது கண்ணுகளா, சந்திலேயே உட்காரும். வெள்ளைவெளேரென்று இருந்ததாம். கண் எரிந்தது. போகி என்றால் கண் எரியும்தானே? இருமல் வந்தது. போகி என்றால் இருமலும் வரும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்களாம். ஏகாம்பரம் நீளக் கழியால் பாய்களை உள்ளே தள்ளிக்கொண்டே, "பாத்துக்கோ, கம்பெனிக்காரன் பொகையும் கம்பெனிக்காரன் மாதிரியே காரமா கீது" என்றாராம். அதுதான் அவர் சொன்ன கடைசி வேடிக்கை.

குணசுந்தரிக்கு எந்த நெடியும் வரவில்லை. நான்கு பாய்க்குப் பின்னால் அவள் வீட்டுக் காற்று மலைக்காற்று மாதிரி இருந்தது. மேளம் நின்றதைத்தான் அவள் கேட்டாள். ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஒரு மேளம் மட்டும் தாளம் தப்பி இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது.

அப்புறம் படியில் ஓடி வருகிற சத்தம். செங்கேணி எதிர் வீட்டுக்குள் புகுந்து தன் பால்கனிப் பாயைப் பிய்த்து இழுக்கிற சத்தம். நடையில் நின்று கத்தினாள்: "பாய் குடுங்கடி! ஆளுக்கு ஒரு பாய் குடுங்க, மூஞ்சில போர்த்தணும்!"

குணசுந்தரி தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். திறந்தால் புகை உள்ளே வரும். பின்னால் பிள்ளை தூங்குகிறது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பாயைக் கழற்றினாள். கதவை ஒரு சாண் திறந்து, நடையில் எறிந்துவிட்டு மூடினாள். அந்தப் பாய் யாருக்குப் போனது என்றும் அவளுக்குத் தெரியாது.

ஒன்பது பேர். ஏகாம்பரம் முதல் ஆள். அவர் தலையைச் செங்கேணி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் பாயைப் போர்த்தி, "இழு, இழு, மூச்சு நல்லா வரும் இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் பாயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போர்த்தினார்கள்.

அழுகை வரவில்லை என்று சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். ஒன்பது வீட்டிலும் ஒப்பாரி இல்லை. தொண்டை வெந்துபோயிருந்ததால் சத்தம் வரவில்லை என்றார் டாக்டர். அப்படியும் இருக்கலாம். பொங்கலன்று ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. துயரம் ஒரு பக்கம், தீக்குச்சி கிழிக்கப் பயம் ஒரு பக்கம். பன்னிரண்டு பிளாக்கும் கடையில் ரொட்டி வாங்கித் தின்றது.

பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். அதிகாரியம்மாள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சுகளில் சனங்கள். திருமாறன் முதலில் எழுந்தார். பத்து நாளில் பாதி ஆள் ஆகியிருந்தார்.

"எரிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க" என்றார். "எங்க ஊர்ல போகின்னா காப்புக் கட்டறதுங்க. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேத்துக் கூரையில சொருகுவோம். எரிக்க மாட்டோமுங்க. வெயில் எழுதுனேன், தண்ணி எழுதுனேன், அடுப்பு எழுதுனேன். போகி எழுதலீங்க." உட்காரச் சொன்னார்கள்.

அதிகாரியம்மாள் கூட்டத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். எச்சரிக்கை சொல்லப்படவில்லை என்று ஆனால், வழக்கு முடிகிறவரை பாய்த் திட்டத்தை நிறுத்தவேண்டிவரும். எச்சரித்தும் மீறினார்கள் என்று ஆனால், கூடுதல் பாதுகாப்போடு தொடரலாம். சொல்லிவிட்டுச் செங்கேணியை எழுப்பினார்.

"எரிக்கக் கூடாது, எரித்தால் விஷ வாயு வரும் என்று குணசுந்தரி உங்களிடம் சொன்னாரா?"

குணசுந்தரி கடைசி பெஞ்சில் இருந்தாள். சொல்லவில்லை என்ற பதிலுக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அந்தப் பதில் வந்தால் நிம்மதியாகக்கூட இருக்கும் என்று தோன்றியது.

செங்கேணி திரும்பிப் பார்க்கவில்லை. "சொன்னா" என்றாள். "நாங்கதான் கேக்கல."

அந்த அறையில் அது பொய் என்று தெரியாதவர்கள் இருவர்தான். ஒருவர் அதிகாரியம்மாள். இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா. மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லார் வீட்டிலும் மூச்சு இழுக்கிற ஏதோ ஒரு நெஞ்சு இருந்தது. புருஷனைக் கொடுத்தவள் எழுந்து, "ஆமா, எங்கிட்டயும் சொன்னா" என்றாள். பிள்ளையைக் கொடுத்தவள் எழுந்து, "சொன்னா" என்றாள். ஒவ்வொருத்தியாக எழுந்து, சொல்லி, உட்கார்ந்தார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் வீட்டுக்கு இரண்டு பாய் கொடுத்தார்கள். குழாயும் வந்தது.

ஆவித் தொட்டி மறுபடி ஓடத் தொடங்குவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், செங்கேணி டிப்போவுக்கு வந்தாள். மீன்கூடை தலையில் இருந்தது. இறக்கி வைக்கவில்லை.

"குணா."

"அக்கா. உள்ள வாக்கா."

"உள்ள வர்ல. அன்னிக்கு அவரு மூஞ்சில போர்த்தினேனே, அந்தப் பாயி இங்கதான கீது?"

"இருக்குக்கா. நம்பர் போட்டு வெச்சிருக்கோம். நாளைக்கு ஆவில போடுவாங்க."

"அத எனக்குக் குடு."

செங்கேணி கூடையை இப்போதுதான் இறக்கினாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"அவரு சட்டைய மோந்து பாத்தேன்டி. ஒண்ணுமே இல்ல. கடையில புதுசா வாங்கினது மாதிரி கீது. தலைகாணிய மோந்தேன். ஓமத்தைலம் பாட்டிலத் தொறந்து மோந்தேன், அதுகூட வூட்டுல வெச்சித் தொறந்தா ஒண்ணும் வர்ல. சந்தைக்கு எடுத்துனு போயி மோந்தேன். அங்க வருது. ஆனா தைலந்தான் வருது, அவரு வர்ல." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மீன் விலை சொல்கிற மாதிரியே சொன்னாள். "மூணு வருசமா எல்லாத்தையும் உன் பாயி குடிச்சிடுச்சி. கடைசியா வுட்ட மூச்சையும் அதான் குடிச்சிச்சி. அப்ப அவரு அதுக்குள்ளதான கீறாரு?"

"இருக்காருக்கா."

"எப்பிடி வெளிய வருவாரு?"

குணசுந்தரி பாயை எடுத்து வந்து தரையில் வைத்தாள். டிகாஷன் நிறம் தாண்டிக் கருத்திருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து, கார்த்திகையில் சொல்லாததை எல்லாம் அப்போது சொன்னாள்.

"சூடு பட்டாத்தான் விடும்க்கா. விட்டா எல்லாத்தையும் சேத்துத்தான் விடும். பீடி, தைலம், நீ வெச்ச கொழம்பு, அன்னிக்குப் பொகை, எல்லாம் ஒண்ணா. மொதல்ல வர்றது விஷந்தான். மாமா அதுக்குப் பின்னாடி வருவாரு. அவரு வர்றதுக்குள்ள நாம இருக்கமாட்டோம். அடுப்பாண்ட வெக்காத. வெயில்ல வெக்காத. எரிஞ்சா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும். மூடுன டிரம்முல வெச்சி, வாயைச் சுத்தி டேப் ஒட்டித் தரேன். எப்பவும் தொறக்காத."

செங்கேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இத்தையெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

"கார்த்திகையிலயே."

தெருவில் ஒரு லாரி போனது. செங்கேணி சும்மாட்டை மறுபடி சுற்றினாள்.

"சரி" என்றாள் செங்கேணி. "நல்லா இறுக்கி ஒட்டு."

நீல டிரம் செங்கேணியின் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு மாதமும் குணசுந்தரி பாய் மாற்றப் போகும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து, டேப் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். விட்டிருந்தால் புதிதாக ஒட்டுவாள். செங்கேணி இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைப்பாள். குணசுந்தரி குடித்துவிட்டு எழுந்துபோவாள். அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. கோபமாகவும் பேசவில்லை. கோபம் இருந்ததா என்றால், அதையும் பாய் குடித்ததோ என்னவோ.

உப்பளமேட்டில் போகிக்கு இப்போது தீ கிடையாது. விடிகாலையில் சனங்கள் நிறைந்த பாயைத் தோளில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற வரிசை மாதிரி டிப்போவுக்கு நடக்கிறார்கள். பிள்ளைகள் மேளம் மட்டும் அடிக்கிறார்கள். மேளம் நின்றுவிட்டால் பெரியவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் பிள்ளைகள் நிறுத்துவதில்லை.

இலக்கியா வளர்ந்தாள். ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்கினாள். கல்லூரி சேர்ந்து திருவண்ணாமலைப் பக்கம் விடுதியில் போய் இருந்தாள். போன முதல் வாரம் பதறிக்கொண்டு போன் செய்தாள்.

"அம்மா, இங்க மழை பேஞ்சுது. பேஞ்சதும் தரையிலேர்ந்து என்னமோ வருதும்மா. எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. நான் ஓடணுமா?"

குணசுந்தரி செங்கேணி வீட்டில் இருந்தாள். கையில் பாதி மாட்டிய பாய். "ஓடாத" என்றாள். "அது மண்ணு வாசம். நல்லா இழு."

போனின் அந்தப் பக்கம் பிள்ளை மூச்சை இழுக்கிறது கேட்டது. நீளமாக, எங்கும் தடுக்காமல் இழுத்தாள். குணசுந்தரி போனை நீட்டினாள். செங்கேணி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, கட்டிலின்மேல் உட்கார்ந்து, அந்த மூச்சைக் கேட்டாள். முடிகிறவரை கேட்டாள். கால் கட்டைவிரல் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய், டிரம்மைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் தாளிக்கிற வாசம் நாலு வீடு எட்டட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சாம்பிராணி மூலைமூலையாய்த் தங்கட்டும். சொல்லவேண்டியதைச் சொல்லுகிற வாயும், கேட்கிற காதும் உங்கள் வாசல்படிக்குள் குறையாமல் இருக்கட்டும். வேலைக்குப் போய் வருகிறவர்களின் சட்டையில் அவரவர் வியர்வை இருக்கட்டும். கொடியிலிருந்து எடுக்கும்போது இது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே நீங்கள் சொல்லும்படி, அந்தச் சட்டைக்காரர்கள் எல்லாம் சாயங்காலம் வீடு வந்து சேரும்படி, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.